சட்டம் கொடுத்தல்

விளையாட்டு என்றதும் கிளித்தட்டும் பந்தாட்டமுமே நம்மிற் பலருக்கு நினைவில் எழும். இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்டது வேறு வகை. உட்கார்ந்தபடியே ஆடுவது, ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு வேடத்தைத் தமதாக்கிக்கொண்டு ஆடுவது, விதிகள் மிகப் பலவாக உள்ளது. இத்தகைய ஆட்டத்தின் விதிகளைப் புதிதாக வருபவர் மனத்தில் ஏற்றுவது எங்ஙனம் என்பதே நமது விசாரம். பொழுதுபோக்குச் சங்கதிதானே என்று வாசகர் எண்ணக்கூடும். வன்னிப் பெருநிலத்திலே அது பொழுதுபோக்கோடு நின்றுவிடும் சங்கதி அன்று என்பதைப் பின்னர் கூறுவோம்.

முதலிற் கடல் கடந்த ஆட்டத்தைப் பார்ப்போம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே மூன்று சிறு நூல்கள் இருந்தன. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தின் நூல்கள் அவை. முதலில் ஆயிரம் பிரதிகளே வெளிவந்தன. இன்று அதனை ஆடாத கண்டம் இல்லை எனலாம்.

ஆடும் முறை இது. நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதை சொல்பவர். ஏனையோர் அக்கதைக்குள் வாழும் மாந்தர். "நீங்கள் ஒரு குகை வாயிலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ மூச்சுவிடும் ஓசை கேட்கிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்பார். வீரனாக வந்தவர் வாளை உருவுவேன் என்பார். மந்திரவாதியாக வந்தவர் விளக்கை அணையுங்கள் என்பார். வாள் பட்டதா தவறியதா என்பதை இருபது முகமுள்ள ஒரு கவறு தீர்மானிக்கும். எதிரெதிராக இருந்து ஒருவரை ஒருவர் வெல்லும் ஆட்டமன்று. கதை நடந்துகொண்டே போகும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் விதி நூலைக் கையில் எடுத்தாற் கை கனக்கும். 2014ஆம் ஆண்டு வெளிவந்த பதிப்பில் ஆடுவோருக்கான நூல் மட்டுமே 320 பக்கம். கதை சொல்பவருக்கு வேறு நூல், அரக்கர்களையும் விலங்குகளையும் விவரிப்பதற்கு இன்னொரு நூல். அடிப்படை விதிகளை 2023ஆம் ஆண்டு முதல் எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டோர் உரிமையை விட்டுக்கொடுத்தமையால், இன்று கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ விடுதியில் இருந்து படிக்கும் ஒரு மாணவர் அவற்றைத் தமது கைத்தொலைபேசியிலேயே இறக்கிக்கொள்ள முடியும்.

தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. ஆர்வமுள்ள அந்த மாணவர் இரவிரவாக விழித்து விதிகளைப் படித்துவிடுவார். மறுநாள் நண்பர் நால்வரைக் கூட்டிவந்து உட்காரவைத்து, முதலாம் அத்தியாயத்திலிருந்து விளக்கத் தொடங்குவார். அரை மணி நேரத்தில் ஒருவர் கொட்டாவி விடுவார். ஒருவர் தேநீர் குடிக்க எழுந்து போவார். மூன்றாமவர் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார், ஒன்றும் ஏறியிராது. அடுத்த வாரம் இருவர் வருவர். அதற்கடுத்த வாரம் மாணவர் தனியே இருந்து புத்தகத்தைப் புரட்டுவார். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் படிக்கமாட்டார்கள்" என்று தம் வயதுக்காரரையே வைவதும் உண்டு! இது நம் நாட்டுக் குறை என்று எவரும் நாணவேண்டியதில்லை. அந்த ஆட்டம் பிறந்த நாட்டிலும் ஐம்பது ஆண்டுகளாக இதே முறைப்பாடுதான்.

அங்கே இதற்கு மருந்து தேடியவர்களும் உளர். முதற்பதிப்பின் விதிகள் புதியவருக்கு விளங்காமை கண்டு, நரம்பியற் பேராசிரியரான எரிக் ஹோம்ஸ் என்பவர் 1977ஆம் ஆண்டில் தொடக்கநிலை ஆட்டக்காரருக்கென அவற்றைத் திருத்தியமைத்து ஒரு சிறு நூல் ஆக்கினார். மூளையை ஆராய்ந்த ஒருவர் இப்பணிக்கு முன்வந்தது பொருத்தமே. ஆயினும் எம்மை அதிகம் கவர்ந்தது ஃபிராங்க் மென்சர் என்பவர் 1983ஆம் ஆண்டில் எழுதிய தொடக்க நூலாகும். அதைத் திறந்ததும் விதிகளின் அட்டவணை வந்து முகத்தில் அறைவதில்லை. ஒரு கதை வருகிறது. 'நீ ஒரு வீரன். புதையல் தேடி ஒரு குகைக்குள் நுழைகிறாய்' என்று வாசிப்பவனையே உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒரு பாம்பு எதிர்ப்படுகிறது. அதனோடு பொருதும் பொழுதிலேயே, காயம் எவ்வாறு கணக்கிடப்படும் என்பது தெரிந்துவிடுகிறது. அலீனா என்னும் பெண்ணொருத்தி நட்பாகிறாள், காயத்துக்கு மருந்திடுகிறாள், அவள் வாயிலாக வேறு சில விதிகள் தெரியவருகின்றன. பின்னர் பார்கிள் என்னும் கொடிய மந்திரவாதி எதிர்ப்பட, அலீனா அவன் கையால் மாண்டுபோகிறாள். அந்நூலைச் சிறுவயதிற் படித்தவர் பலர் நரை கண்ட பின்பும் அலீனாவுக்காக வருந்துகின்றனர். மந்திர அம்புக்கு எத்தனை வலிமை என்பதை அவர்களுக்கு எவரும் நெட்டுருப்போடச் சொல்லவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். விதிகள் மலிந்த, வேடம் ஏற்று ஆடும் கலையொன்றை எழுத்தறியாதவருக்கும் கற்பிக்கும் வித்தையிலே நம் கூத்து அண்ணாவிமார் எவருக்கும் இளைத்தவரல்லர். கூத்து மேசை விளையாட்டன்று என்பது உண்மை. ஆயினும் புதியவன் முன்னே அது வைக்கும் சுமை அதனிலும் பெரிது. விடியவிடிய நடக்கும் ஆட்டம், நூற்றுக்கணக்கான பாடல்கள், வரவு ஒரு வகை, தருக்கம் ஒரு வகை, தாளம் வேறு வேறு. பகல் முழுதும் வயலிலே நின்றுவிட்டு வரும் இளைஞன் ஒருவன் இவற்றைக் கற்கவேண்டும். 320 பக்க நூலைக் கண்டு அஞ்சும் மாணவரிலும் அவன் நிலை கடினமானதல்லவா?

அண்ணாவியார் செய்த உபாயம் யாது? அவர் முழுக் கூத்தையும் எவனுக்கும் கொடுக்கவில்லை. குரலைக் கேட்டு, உடலைப் பார்த்து, இவன் அரசனுக்கு ஆகும், இவன் தோழிக்கு ஆகும் என்று தெரிந்தெடுப்பார். பின்னர் அவனவன் பாடவேண்டிய பகுதி எதுவோ அதனை மட்டும் எழுதி அவனவன் கையிற் கொடுப்பார். மட்டக்களப்பில் இது ஒரு சடங்காகவே நடைபெறும்; அதற்குச் 'சட்டம் கொடுத்தல்' என்று பெயர். வன்னியிலும் வடக்கிலும் அச்சடங்கு அதே பெயரோடு நடந்ததென்று நாம் கூறவில்லை. ஆனால் தன் பாத்திரத்தின் பாட்டைத் தன் கொப்பியிலே வைத்துப் பாடமாக்கும் வழக்கம் இங்கும் ஊறியதுதான்.

'சட்டம்' என்னும் சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இன்று அச்சொல்லைக் கேட்டதும் நீதிமன்றமும் தண்டனையுமே நம் கண்முன் தோன்றுகின்றன. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்திலே அதற்கு இன்னொரு பொருளும் இருந்தது. எழுதப் பழகும் பிள்ளைக்கு ஆசிரியர் முதல் வரியைத் தாமே அழகாக எழுதிக் கொடுப்பார். பிள்ளை அதைப் பார்த்துக் கீழே எழுதும். அந்த மாதிரி வரிக்கு மேல்வரிச்சட்டம் என்று பெயர். கட்டளையும் அச்சொல்லே, பார்த்துப் பழகும் மாதிரியும் அச்சொல்லே. அண்ணாவியார் கொடுத்த சட்டம் இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது. தாம் பாடிக்காட்டுவார், அவன் திருப்பிப் பாடுவான். தாளக்கட்டை வாயாற் சொல்லுவார், அவன் காலால் மிதிப்பான். தன்னுடைய பாட்டைப் பாடிக்கொண்டே மற்றவர் பாட்டையும் இரவுதோறும் கேட்டுக்கொண்டிருப்பான். அரங்கேறும் நாளில், தனக்குக் கொடுக்கப்படாத பகுதியும் அவனுக்குப் பாதி மனப்பாடமாயிருக்கும்.

வன்னியிலே பெருவழக்காயுள்ள காத்தவராயன் கூத்தில் இன்னுமோர் ஏற்பாடு உண்டு. கதாநாயகன் ஒருவனே; ஆனால் அவனை ஆடுவோர் பலர். முதலில் வருபவன் பாலக்காத்தான், ஒரு சிறுவன். அவன் ஆடி நின்ற பின் வளர்ந்த காத்தான் வருவான். கழுவேறும் காத்தானாக வருபவன் கைதேர்ந்த ஆட்டக்காரனாக இருப்பான். ஒரே இரவில், ஒரே களரியில், ஒரே வேடத்தின் தொடக்கமும் முதிர்ச்சியும் சிறுவன் கண்முன்னே நிற்கின்றன. தான் சில பாடல்களைப் பாடிவிட்டுப் பக்கத்தில் அமர்ந்து, தூங்கி விழாதிருந்தால், பத்தாண்டின் பின் தான் ஆடவேண்டியதை அன்றே பார்த்துவிடுகிறான். இதைக்காட்டிலும் சிறந்த தொடக்க நூலை மென்சரும் எழுதிவிடவில்லை என்பது நமது துணிபு.

படித்த புதியவருக்கும் இம்முறை பலித்தது. 1960களிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் மாணவர்களைக் கொண்டு கூத்துகளை மேடையேற்றினார்கள். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்பன அவ்வாறு எழுந்தவை. விரிவுரை மண்டபத்துக்குப் பழகிய அந்தப் பிள்ளைகளுக்குக் கூத்தைப் பற்றி நூறு சொற்பொழிவுகள் ஆற்றியிருக்கலாம். பேராசிரியர் மட்டக்களப்பிலிருந்து அண்ணாவியாரையே வரவழைத்தார். விடியும்வரை நீளும் கூத்தை ஓரிரு மணி நேரத்துள் அடங்கச் செய்தார். சுருக்கியது குற்றம் என்று அன்றும் சிலர் சொன்னதுண்டு. சுருக்காதிருந்தால் அந்த மாணவர் பலர் ஆடவே வந்திருக்கமாட்டார் என்பது நம் அபிப்பிராயம்.

இங்கே ஒரு தடையை எழுப்புவார் உளர். "பங்கு பங்காகக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் பத்து வாரம் வந்தும் தன் பங்கையே படியாதவனை என்ன செய்வது? ஒவ்வொரு முறையும் 'இப்போது நான் எந்தக் கவற்றை உருட்டவேண்டும்?' என்று கேட்பவனை எத்தனை நாள் பொறுப்பது?" என்பர். நியாயமான கேள்வி. மென்மை மட்டுமே கற்பித்தலாகிவிடாது. இதற்கும் கூத்துக் களரியிலேயே விடை இருக்கிறது. அண்ணாவியார் ஒருவனுக்குச் சிறிய பங்கையே கொடுத்தாலும் அதனை முற்றாக அவனுடையதாக்கிவிடுவார். அவன் பாட்டை வேறொருவன் பாடமாட்டான். அவன் மறந்தால் ஏடு பார்ப்பவர் ஓர் அடியை எடுத்துக்கொடுப்பார், அவ்வளவே. ஊர் முழுதும் பார்த்திருக்க அவனே வாய்திறக்கவேண்டும். அவன் தாய் முன்வரிசைப் பாயில் இருப்பாள். இதனிலும் கடுமையான பரீட்சை எந்தத் திணைக்களம் நடத்துகிறது?

மேசை ஆட்டத்தில் கதை சொல்பவர் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறார். தொடக்கத்தில் எல்லா விதியையும் எல்லார் தலையிலும் சுமத்துகிறார். பின்னர், ஒருவரும் சுமக்கவில்லை என்று கண்டு, எல்லாருடைய கணக்கையும் தாமே போட்டுக்கொடுக்கிறார். வீரனாக வந்தவனுக்கு வாள் வீசும் விதி ஒன்றையே முதல் நாளிற் கொடுக்கட்டும். அரைப் பக்கத்தில் எழுதி அவன் கையிலேயே கொடுக்கட்டும். ஆனால் அவ்விதியைப் பற்றி மேசையில் ஐயம் எழுந்தால், தாம் வாய்திறவாது அவனையே பார்க்கட்டும். மூன்றாம் வாரம் அவன் தானாகவே "கேடயத்துக்கு ஏதும் விதி உண்டோ?" என்று கேட்பான். கேட்டபின் சொன்ன விதி மறப்பதில்லை.

சிறுபிள்ளைகளைப் பொறுத்தமட்டில் இன்னும் இளகிய ஒரு வழக்கமும் தமிழரிடம் உண்டு. பெரிய பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கு ஒரு சின்னது அழுதுகொண்டு வந்து சேரும். அதனைத் துரத்தாமல் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வது தமிழகத்து வழக்கு. அது ஓடலாம், பிடிக்கலாம், பிடிபடலாம். ஆனால் ஆட்டத்திலிருந்து விலக்கப்படமாட்டாது. அதன் தோல்வி எவர் கணக்கிலும் சேராது. ஒரு மாதம் சப்பாணியாக ஓடிய பிள்ளைக்கு ஒரு விதியும் எவரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார். ஒரு விதியும் அதற்குத் தெரியாமலும் இராது. வளர்ந்தவர்களுக்கும் முதல் நாளில் இத்தகைய ஓர் ஆசனம் வேண்டும். பிழைவிட்டாற் சிரிப்பார்களோ என்னும் கூச்சம் ஏழு வயதிலும் பார்க்க இருபத்தேழு வயதிலேயே அதிகம்.

இனி, வன்னிக்கு இது ஏன் பொழுதுபோக்கோடு நில்லாத சங்கதி என்றோமோ அதற்கு வருவோம். மேற்சொன்ன முறை முழுவதும் ஒன்றையே நம்பி நிற்கிறது: அறிந்தவர் ஒருவர் அறியாதவர் பக்கத்தில் வந்து அமரவேண்டும். காலபோக வெள்ளாமை வெட்டி வீடு சேர்ந்த பின் வரும் ஓய்வான இரவுகளும், வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலை நோக்கி ஊர் திரளும் நாட்களும் அந்த அமர்வுக்கு உகந்த காலமாக இருந்தன. முல்லைத்தீவுக் கோவலன் கூத்து 'முல்லைமோடி' என்று தனிப்பெயர் பெறும் அளவுக்கு அவ்வாறு தான் வளர்ந்தது. 2008ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் பெருநிலத்து ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாயின. போர் முடிவில் ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் மனிக் பாம் முதலிய முகாம்களுக்குள் இருந்தனர். மனிக் பாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேயாகும். இடத்துக்கிடம் ஓடியவர் கையில் எடுத்துச் சென்றது சிறிது. அவற்றுள் கூத்துக் கொப்பி எத்தனை இருந்திருக்கும்? அவ்வாண்டு பாலக்காத்தானாக வந்திருக்கவேண்டிய பத்து வயதுச் சிறுவன் இன்று இருபத்தைந்தைக் கடந்தவன். அவனுக்குச் சட்டம் கொடுத்திருக்கவேண்டிய பெரியவர் எல்லாரும் இன்று இல்லை.

கூத்தாவது ஓரளவு எழுத்திலும் ஒலிப்பதிவிலும் கிடைக்கிறது; பல ஊர்களில் மீண்டும் ஆடப்பட்டும் வருகிறது. திண்ணையில் ஆடிய ஆட்டங்களின் நிலை அதனினும் இரங்கத்தக்கது. நாயும் புலியும் என்று நம்மவரும், ஆடுபுலி ஆட்டம் என்று தமிழகத்தாரும் சொல்லும் ஆட்டத்துக்கு வரைபடமும் இல்லை, பெட்டியும் இல்லை. கரித்துண்டும் கல்லும் புளியங்கொட்டையுமே உண்டு. நீர்ப்பாசனப் பொறியியலாளராக இங்கு பணியாற்றி வவுனிக்குளத்தைப் பற்றியும் ஆராய்ந்த ஹென்றி பார்க்கர் என்னும் ஆங்கிலேயர், 1909ஆம் ஆண்டில் வெளிவந்த தமது 'பண்டைய இலங்கை' என்னும் பெருநூலில் இத்தீவின் பலகை விளையாட்டுகளுக்கு இடமளித்து, ஒரு புலியை ஏழு சிறுத்தைகள் வளைக்கும் சிங்கள ஆட்டம் ஒன்றையும் குறித்து வைத்தார். அவர் எழுதாவிடில் சில ஆட்டங்களின் பெயரும் நமக்கு எட்டியிராது. ஆயினும் அவர் நூலைப் படித்துவிட்டு ஆட உட்கார்ந்தவர் எத்தனை பேர்? ஏட்டில் ஏறிய விதி காக்கப்படும்; ஆடப்படுவதற்கு ஒரு பாட்டியாவது வேண்டும்.

இவ்வாண்டு விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வரும் வீடுகள் வன்னியிலே பல. அவர்களிற் சிலர் மேசை ஆட்டங்களிலே நம்மைவிடக் கைதேர்ந்தவர்கள். 'அம்மம்மா' என்று அழைத்துவிட்டு அதற்குமேல் தமிழ் வராமல் விழிக்கும் பிள்ளைக்கும் அம்மம்மாவுக்கும் நடுவே ஒரு நாய்புலிக் கட்டத்தை வரைந்து பாருங்கள். பெற்றார் தூர நின்றால் நல்லது. ஒவ்வொரு சொல்லையும் திருத்திக்கொண்டிருக்கும் பெற்றாருக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் வாய்திறக்காது.

வரையும் முறையைத் தமிழகத்து வழக்கின்படி கூறுகிறோம். பெரிய முக்கோணம் ஒன்று வரைக. உச்சியிலிருந்து அடிக்கோட்டுக்கு உள்ளே இரு கோடுகள் இறக்குக. முக்கோணத்தின் குறுக்கே மூன்று கோடுகளை இழுத்து, இருபுறமும் வெளியே சற்று நீட்டி, நீண்ட முனைகளை மேலிருந்து கீழாக இணைத்துவிடுக. உச்சியோடு கூட்டி எண்ணினால் 23 புள்ளிகள் வரும். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிகள் முதலில் இடம்பிடிக்கும். ஆடுகள் முறைக்கு ஒன்றாக வந்து அமரும். பதினைந்தும் அமரும்வரை எந்த ஆடும் அசையக்கூடாது. புலி பக்கத்துப் புள்ளிக்கு நகரலாம். அல்லது நேர்கோட்டில் ஓர் ஆட்டைத் தாண்டி வெற்றிடத்தில் குதித்து அதனைத் தின்னலாம். ஆடு எதையும் தின்னாது. கூடிநின்று புலியை அசையவிடாது முடக்கினால் வெற்றி.

இதோ, நாமும் ஒரே மூச்சில் எல்லா விதியையும் கொட்டிவிட்டோம்! பிள்ளையிடம் இவ்வாறு செய்யவேண்டாம். முதல் ஆட்டத்தில் புலியைப் பிள்ளையிடம் கொடுங்கள். தாண்டித் தின்னும் ஒரு விதி மட்டும் தெரிந்தாற் போதும். இரண்டு ஆட்டைத் தின்றதும் முகம் மலரும். (இலங்கைக் காட்டில் வரிப்புலி இல்லை; நம்மவர் புலி என்பது சிறுத்தையைத்தான். வெளிநாட்டுப் பிள்ளை கட்டாயம் கேட்கும். விடையை ஆயத்தமாக வைத்திருங்கள்.) இரண்டாம் ஆட்டத்தில் கையை மாற்றுங்கள். நேற்றுத் தின்ற பிள்ளை இன்று பதினைந்து உயிரைக் காக்கவேண்டியிருக்கும்போது, ஏன் தனியே ஓர் ஆட்டை விடக்கூடாது என்பதைத் தானே கண்டுபிடிக்கும். அம்மம்மா வாய்திறக்க வேண்டியதில்லை. அடுத்த புளியங்கொட்டையை எடுத்துக் கொடுத்தாற் போதும்.

எண்ணிக்கைகள் ஊருக்கு ஊர் வேறுபடும். உங்கள் ஊரில் புலி எத்தனை, நாய் எத்தனை, எத்தனை நாய் இறந்தால் ஆட்டம் முடிந்ததாகக் கொள்வர், கட்டத்தின் வடிவம் யாது என்பதை வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு, ஒரு தாளில் வரைந்து எமக்கு அனுப்பிவையுங்கள். முள்ளியவளைக் கணக்கும் நெடுங்கேணிக் கணக்கும் பூநகரிக் கணக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. வருபவற்றைக் கிடைத்தபடியே இப்பகுதியில் வெளியிடுவோம்.